பச்சைப் பாலத்தின் சிவப்புத் திட்டு

கொஞ்ச காலம் முன்பு வரைக்கும், நகரத்துக்கு வருகிறவர்களைப் படகில் ஏற்றி ஆற்றைச் சுற்றிக் காட்டுகிறவர்கள், பெரிய பாலத்துக்கு அடியில் வந்ததும் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரு கதை சொல்வார்கள். "அதோ பாருங்க, கரும்பச்சை வளைவுல சிவப்பா ஒரு திட்டு தெரியுதா? பெயின்ட் அடிக்கும்போது ஒரு தொழிலாளி அங்கேருந்துதான் விழுந்து செத்தார். கூட வேலை பார்த்தவங்க அவர் நினைவா அந்த இடத்தை மட்டும் பச்சை அடிக்காம விட்டுட்டாங்க." அது ரத்தத்தின் நிறம் என்று ஒரு படகுக்காரர் குரலைத் தாழ்த்துவார். மழை பெய்தால் இன்னும் சிவக்கும் என்று இன்னொருவர் தன் பங்குக்குச் சேர்ப்பார். வந்தவர்களும் காதில் பூச்சுற்றுவது தெரியாமல் உச்சுக்கொட்டிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

விழுந்தது உண்மை. செத்ததும் உண்மை. நினைவாக விட்டார்கள் என்பதுதான் கட்டுக்கதை. அந்த இடத்துக்குப் பச்சை அடிக்காமல் விட்டவர் பாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு சந்தில் மனைவியோடு குடியிருந்தார். படகுக்காரர்கள் யாரும் அவரிடம் வந்து கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டார்.

பாலத்தைப் பற்றி ஊரில் புத்தகமே போட்டிருக்கிறார்கள். முன்பெல்லாம் அக்கரைக்கும் இக்கரைக்கும் படகுதான். வெள்ளம் வந்தால் அதுவும் கிடையாது. அக்கரையில் பெண்ணைக் கொடுத்தவர்கள், பேரப்பிள்ளை பிறந்த சேதியை வெள்ளம் வடிந்த பிறகுதான் கேட்பார்கள். பிறகு கப்பலில் துண்டு துண்டாக இரும்பு வந்தது. ஆற்றில் இரண்டு கல்தூண் எழும்பி, அவற்றின்மேல் அந்தப் பெரிய வளைவை ரிவெட் அடித்து அடித்துப் பூட்டினார்கள். மாட்டுவண்டி போயிற்று, டிராம் போயிற்று, பஸ் போயிற்று, இரண்டு ஊராக இருந்தது ஒரே நகரமாயிற்று. கட்டிய இன்ஜினியர்களின் பெயர் பாலத்தின் இரண்டு முனையிலும் கல்லில் இருக்கிறது. அதன் பிறகு அது துருப்பிடித்து ஆற்றில் விழாமல் காலமெல்லாம் சுரண்டிப் பெயின்ட் அடித்தவர்களைப் பற்றிப் புத்தகத்தில் மொத்தம் ஒரே பத்திதான். அந்தப் பத்தியிலும் படகுக்காரர்கள் சொல்லும் கதையைத்தான் அப்படியே எழுதிவைத்திருக்கிறார்கள்.

சந்தில் குடியிருந்த நம்மவருக்குப் பாலத்து வேலையாட்கள் வைத்த பெயர் மோப்பக்காரர். பெயின்ட் டின்னைத் திறந்ததும் குனிந்து ஒரு முறை மோந்து பார்க்காமல் பிரஷ்ஷை நனைக்க மாட்டார். இதில் ஏதோ பெரிய தொழில் ரகசியம் இருக்கிறது என்று நினைத்துக் கூட இருந்தவர்களும் மோந்து பார்த்துத் தும்மித் தொலைத்தார்கள். ரகசியம் இருக்கத்தான் செய்தது. மோப்பக்காரரின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று.

பிறவியிலேயே அப்படி. சின்ன வயதில் பழுத்த தக்காளி வாங்கி வரச் சொன்னால் காயாகப் பொறுக்கி வந்து அம்மாவிடம் அடி வாங்குவார். கவனமில்லாத பிள்ளை என்று பெயர் வந்ததே தவிர, கண்ணில் கோளாறு என்று யாருக்கும் தோன்றவில்லை. பாலத்து வேலைக்குச் சேரும்போது கண் பரிசோதனை என்று சுவரில் எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தார். பெயின்ட் அடிக்கப் போகிறவனிடம் நிறத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்கலாமே என்று அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வேலையோ அப்படிப்பட்ட வேலை. முதலில் துருவைச் சுரண்ட வேண்டும். அதன்மேல் துருப்பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு, செங்கல் நிறத்தில். அது காய்ந்த பிறகு கரும்பச்சை. எது வரைக்கும் பச்சை வந்திருக்கிறது, எங்கே இன்னும் சிவப்பு நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து அடிப்பதுதான் பிழைப்பு. உலகத்தில் இத்தனை நிறம் இருக்க, அவர் தலையில் இந்த இரண்டும்தானா வந்து விடிய வேண்டும்? ஆனாலும் சமாளித்தார். ரெட் ஆக்சைடில் ஒரு மண் வாடை இருக்கும். பச்சையில் எண்ணெய் நெடி தூக்கலாக இருக்கும். அடித்த பிறகு சிவப்பு மங்கிக் கிடக்கும், பச்சை பளபளக்கும். மூக்கும் வெயிலும் கைகொடுத்ததால் வண்டி ஓடியது.

ஒரு நாள் வெயில் இல்லை. யாரோ டின்களை மாற்றி வைத்திருந்தார்கள், அவசரத்தில் இவரும் மோந்து பார்க்கவில்லை. அடித்து முடித்த பச்சைக்கு மேலேயே சிவப்பை இழுத்துக்கொண்டு போனார். பக்கத்தில் தொங்குபலகையில் உட்கார்ந்திருந்தவன், உயரத்தால் நெட்டை என்று பெயர் வாங்கியவன், அதைப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "என்னப்பா, வந்த வழியே திரும்பிப் போறியா?" என்றான். அவன் என்ன சொல்கிறான் என்று புரியாமல் இவர் பிரஷ்ஷையும் இரும்பையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த முழியைப் பார்த்ததும் நெட்டைக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. மேஸ்திரி ஏணியில் ஏறி வருவதற்குள் அத்தனையையும் துடைத்துப் பச்சை அடித்துவிட்டான்.

"எத்தனை நாளா இப்படி?" என்று சாப்பாட்டு நேரத்தில் கேட்டான்.

"பொறந்ததுலேருந்து."

"மேஸ்திரிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் இங்க உக்காந்திருப்பேனா? யார்கிட்டயும் சொல்லாதடா. உன் வீட்டுலயும் சொல்லாத. என் தலைல அடிச்சு சத்தியம் பண்ணு."

நெட்டை சத்தியம் செய்தான். ஆனால் அவனுக்கு ஓட்டை வாய். மேஸ்திரி வீட்டில் நடக்கும் சண்டை மேஸ்திரிக்கே தெரிவதற்கு முன்னால் நெட்டை மூலமாகப் பாலம் முழுக்கத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவனிடம் போய் மாட்டிக்கொண்டோமே என்று மோப்பக்காரர் நொந்துகொண்டார். ஒரு வாரம் பயந்து பயந்து வேலைக்குப் போனார். ஒன்றும் நடக்கவில்லை. மாறாக, அன்றிலிருந்து நெட்டை அவர் பலகையை விட்டு நகரவில்லை. வாய் ஓயாமல் ஊர்க்கதை பேசுவான். நடுவில், "கொசு பாரு, உன் முழங்கைப் பக்கம்" என்பான். முழங்கைப் பக்கம் ஒரு திட்டு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். ஆற்றுக்கு மேலே அத்தனை உயரத்தில் இவர்கள் இரண்டு பேரை மட்டும் அப்படி என்ன கொசு கடிக்கிறது என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அப்படியே இரண்டு பேருக்கும் கல்யாணமாயிற்று. பாலத்து முனையில் தையல்கடையில் வேலை பார்த்த பெண் நெட்டைக்கு மனைவியாகி வந்தாள். அவள் மோப்பக்காரரை அண்ணா என்று கூப்பிட்டாள், சொந்த அண்ணனிடம் பேசுவதுபோலவே உரிமையோடு அதட்டினாள்.

நெட்டை விழுந்தது ஒரு மழைக்கால ஆரம்பத்தில். வளைவின் மேல்பகுதியில் கயிற்றை அவிழ்க்க ஏறியவன், ஈர இரும்பில் கால் வழுக்கி, மழைக்காகச் சாரத்தைச் சுற்றித் தொங்கவிட்டிருந்த தார்ப்பாய்க்கு வெளியே போய்விட்டான். மோப்பக்காரர் பலகையின் மறுமுனையில் டின்னைக் கட்டிக்கொண்டிருந்தார். சத்தம் கூடக் கேட்கவில்லை என்றுதான் கடைசி வரைக்கும் சொன்னார்.

அடக்கம் முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பினார்கள். வெள்ளம் வருவதற்குள் சாரத்தைப் பிரிக்க வேண்டும் என்று மேஸ்திரி நெருக்கினார். நெட்டையும் இவரும் சிவப்பு மட்டும் அடித்து விட்டுவந்த இடத்தைப் பச்சை அடித்து முடிக்க இவரையே தனியாக ஏற்றினார்கள். தார்ப்பாய்க்குள் இருட்டு, பளபளப்பும் தெரியவில்லை, மங்கலும் தெரியவில்லை. டின்னை மோந்து பார்த்தார். நாலு நாளாக அழுது அழுது மூக்கு அடைத்துக் கிடந்தது. மண் வாடையும் இல்லை, எண்ணெய் நெடியும் இல்லை. கைபோன போக்கில் அடித்தார். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு இறங்கினார்.

தார்ப்பாயை அவிழ்த்த அன்று கரையில் கூட்டம் நின்றது. வளைவெல்லாம் கரும்பச்சை, நெட்டை விழுந்த இடத்தில் மட்டும் ஆள் உயரத்துக்கு ஒரு சிவப்பு. மேஸ்திரி, "எந்த நாய்டா இதை விட்டது" என்று கத்த வாயெடுத்தவர், எதிரே நெட்டையின் மனைவி நிற்பதைப் பார்த்தார். அவள் அந்தத் திட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெதுவாக வந்து மேஸ்திரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அவரை மறக்காம இப்படிச் செஞ்சீங்களே" என்று அழுதாள். மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார். ஒவ்வொரு ஆளும் பக்கத்து ஆளைப் பார்த்தான். இவன்தான் செய்திருப்பான், மனசு உள்ளவன், என்று ஒவ்வொருவனும் நினைத்தான். பத்திரிகையில் படம் வந்தது. விட்டுப்போயிற்று என்று சொல்வதைவிட நினைவுச் சின்னம் என்று சொல்வது மரியாதையாக இருந்ததால் அலுவலகமும் தலையாட்டிவிட்டது. அடுத்த முறை பெயின்ட் அடித்தவர்கள் அந்த இடத்துக்கு மட்டும் தேடிப்பிடித்து நல்ல சிவப்பாகவே வாங்கி அடித்தார்கள்.

எல்லோரும் சிவப்பு, சிவப்பு என்று பேசிக்கொண்டபோதுதான் மோப்பக்காரருக்கு விஷயம் புரிந்தது. அவர் கண்ணுக்கு வளைவு முழுக்க ஒரே மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் நெட்டையின் மனைவி மோப்பக்காரர் வீட்டு வாசலில் வந்து நிற்பாள். "வாங்கண்ணா, பாத்துட்டு வரலாம்" என்பாள். இரண்டு பேரும் கரையோரம் நடந்து போய் நிற்பார்கள். அவள் கைநீட்டி, "வெயிலுக்குக் கொஞ்சம் வெளுத்திருக்குல்ல?" என்பாள். இவர் அந்தப் பக்கம் பார்த்துத் தலையாட்டுவார். வீட்டுக்குத் திரும்பினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அவர் மனைவிக்கு மட்டும் எல்லாம் தெரியும். வேட்டிக்கரைக்குப் பொருந்தும் சட்டையைப் பார்த்து எடுத்துக் கொடுக்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? "என்னைக்காவது ஒரு நாள் அவகிட்ட சொல்லிடுங்களேன்" என்பாள். "சொல்லி? அவளுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். அதையும் பிடுங்கச் சொல்றியா?" என்பார் இவர். இப்படியே தலை நரைத்துவிட்டது, வேலையிலிருந்து ஓய்வும் வந்துவிட்டது. பழைய ஆட்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்து, மிஞ்சியது இவர் ஒருவர்தான்.

பாலத்துக்குப் புதுப் பெயின்ட் அடிக்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது நெட்டையின் மனைவி பதறிக்கொண்டு வந்தாள். "திட்டையும் சேத்து மூடிடப் போறாங்களாம்ணா. ஆபீஸ்ல புதுசா ஒரு இன்ஜினியரம்மா வந்திருக்காங்க. வேலை பார்த்தவங்க யாராவது நேர்ல வந்து சொன்னா விட்டுடறேன்னு சொல்றாங்க. நீங்க ஒரு வார்த்தை சொல்லணும்."

அவள் போன பிறகு இவர் மனைவி தட்டை எடுத்து வைத்துக்கொண்டே, "ஆமான்னு சொல்லிட்டு வாங்க" என்றாள்.

"நீதானே உண்மையைச் சொல்லு, சொல்லுன்னு உயிரை எடுத்தே?"

"அப்ப சொல்லியிருந்தா சரி. இப்பப் போய்ச் சொன்னா அந்தத் திட்டும் போயிடும், நீங்களும் அவளுக்கு இல்லாம போயிடுவீங்க. ஒரு பொய்யில யாருக்கு என்ன நஷ்டம்?"

அதுவும் சரிதான் என்று பட்டது. சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, நெட்டையின் மனைவியோடு பாலத்து முனையிலிருந்த அலுவலகத்துக்குக் கிளம்பினார்.

இன்ஜினியரம்மா சின்னப் பெண். எழுந்து நின்று நாற்காலி போட்டாள், டீ வரவழைத்தாள். "ஐயா, எனக்கும் அதை மூட மனசில்ல. வேணும்னே விட்டதுன்னா அப்படியே வெச்சு, பக்கத்துல அவர் பேரும் எழுதி வெச்சிடலாம். விட்டுப்போனதுன்னா மேல இருக்கறவங்களுக்கு நான் பதில் சொல்ல முடியாது. எது உண்மை?"

"வேணும்னேதான் விட்டோம், மேடம்" என்றார் மோப்பக்காரர். நினைத்ததைவிடச் சுலபமாக வந்துவிட்டது.

நெட்டையின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்ஜினியரம்மாவுக்கும் முகம் மலர்ந்துவிட்டது. மேஜைமேல் பெரிய படம் ஒன்றை விரித்தாள். வளைவின் நடுப்பகுதியை மட்டும் கிட்டத்தில் எடுத்தது. தூணும் இல்லை, கரையும் இல்லை, எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரிக் குறுக்குச் சட்டம். "பின்னால வந்தவங்க அந்தச் சிவப்பைக் கொஞ்சம் பெருசாக்கிட்டாங்கன்னு சொல்றாங்க. நீங்க முதல்ல விட்டது எது வரைக்கும்னு விரல் வெச்சுக் காட்டுங்க ஐயா."

மோப்பக்காரருக்கு முழி பிதுங்கியது. தலையைச் சாய்த்துப் பார்த்தார். காகிதத்தில் எல்லா இடமும்தான் பளபளத்தது. கடைசியில் துணிந்து ஒரு சட்டத்தின்மேல் விரலை வைத்தார்.

விரல் நின்ற இடம் பச்சை. "கண்ணாடி கொண்டுவரலியா ஐயா?" என்று இன்ஜினியரம்மா மெதுவாகக் கேட்டாள். நல்ல பெண், தப்பிக்க ஒரு வழியையும் அவளே எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஆமாம் என்றால் போதும், எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம்.

நெட்டையின் மனைவி அவர் விரலைப் பிடித்தாள். சின்னப் பிள்ளைக்கு எழுத்துக் காட்டுவதுபோல நகர்த்திக்கொண்டு போய் இன்னொரு இடத்தில் வைத்தாள். "இங்கண்ணா. இதோ, இந்தச் சிவப்பு. தெரியுதுல்ல?"

வழக்கம்போலத் தலையாட்டத்தான் போனார். அவள் கை அவர் கைமேல் இருந்தது; ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல். அவள் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான் அது. அதற்குமேல் அவரால் முடியவில்லை.

"தெரியலம்மா" என்றார். "என்னைக்குமே தெரிஞ்சதில்ல."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். மென்று விழுங்காமல், பூசி மெழுகாமல் சொன்னார். தக்காளி, டின், கொசு, தார்ப்பாய், அடைத்துப்போன மூக்கு. "அவன் இருந்திருந்தா பாத்துச் சொல்லியிருப்பான். அவன் இல்ல, அதான் விட்டுப்போச்சு. யாரும் நினைவுக்குன்னு விடல, தங்கச்சி. நான்தான் கண்ணு தெரியாம விட்டுட்டேன்."

நெட்டையின் மனைவி எழுந்து வெளியே போய்விட்டாள். இவர் தட்டுத் தடுமாறிப் பின்னாலேயே ஓடினார். அவள் பாலத்து நடைபாதையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் போகும்போதெல்லாம் பாலம் அதிர்ந்தது.

"வருஷா வருஷம் என் பக்கத்துல நின்னு தலையாட்டினீங்களே" என்றாள், திரும்பிப் பார்க்காமல். "எதைப் பாத்துத் தலையாட்டினீங்க? பைத்தியக்காரின்னு நினைச்சீங்களா என்னை?"

"இல்லம்மா."

"வெளுத்திருக்கான்னு கேட்டேன். ஆமான்னீங்க."

அவருக்கு அழுகைதான் வந்தது. நடைபாதையில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்று கூடத் தோன்றவில்லை. அவள் அதையும் பார்க்காமல் அண்ணாந்து வளைவைப் பார்த்தாள். பிறகு குரல் மாறியது.

"தினமும் அவரா பாத்துச் சொன்னார்?"

"தினமும்."

"எங்க கல்யாணத்துக்கு அப்புறமும்?"

"விழுந்த அன்னைக்குக் காலைல கூட."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னதில்ல."

"நான்தான் சத்தியம் வாங்கியிருந்தேன்."

"அவர் வாயில ஒண்ணு தங்குமா? என் தங்கச்சி முழுகாம இருக்கான்னு அவ புருஷனுக்கு முன்னாடி தெரு முழுக்கச் சொன்ன மனுஷன்." அவள் சிரிக்க ஆரம்பித்தாள், சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று, அழுகை மறுபடி சிரிப்பாயிற்று. "இதை மட்டும் வெச்சிருந்திருக்கார் பாருங்களேன். எனக்கே சொல்லாம வெச்சிருந்திருக்கார்." அவள் நெட்டையைப் பற்றிப் புதிதாக ஒன்று கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. இனிமேல் அவரைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இன்னும் என்னவெல்லாம் சொல்வார்? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்றாள். மோப்பக்காரர் நடைபாதையிலேயே நின்று, நினைவுக்கு வந்ததையெல்லாம் சொன்னார்.

திரும்பி அலுவலகத்துக்குப் போனது அவள்தான். இன்ஜினியரம்மா விரித்த படத்தை இன்னும் மடிக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"மூடிடுங்கம்மா" என்றாள் நெட்டையின் மனைவி. "அது விட்டுப்போன வேலை. அவர் இருந்தா அப்படி விட்டிருக்க மாட்டார்."

சில வாரம் கழித்து வளைவின் அந்தப் பகுதிக்கு ஆட்கள் ஏறினார்கள். படகுக்காரர்களுக்குப் பெரிய வருத்தம். பிழைப்பில் மண் விழுந்ததாகப் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு நெட்டையின் மனைவி கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு மோப்பக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இரண்டு பேரும் பாலத்து நடைபாதையில் போய் அண்ணாந்து பார்த்தார்கள். மேலே பலகையில் ஒருவன் பிரஷ்ஷால் இழுத்துக்கொண்டே போனான். மோப்பக்காரருக்கு வழக்கம்போல எல்லாம் ஒன்றாகவே இருந்தது. அடிக்கிறவன் நிமிர்ந்து முதுகை வளைத்துவிட்டுப் பலகையை அவிழ்க்கக் கயிற்றில் கை வைத்ததும், "முடிஞ்சுபோச்சு போல" என்றார்.

"எங்க முடிஞ்சுது?" என்றாள் அவள். கையை வாயருகே குவித்துக்கொண்டு, பஸ் சத்தத்தையும் மீறிக் கத்தினாள். "தம்பி! அந்தச் சட்டத்துக்குக் கீழ உள்பக்கம் விட்டுப்போச்சு பாருங்க!"

மேலே இருந்தவன் குனிந்து தேடினான். "எங்கம்மா?"

"உங்க இடது முழங்காலுக்கு நேரா!"

மோப்பக்காரர் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

அவள் கண்ணை மேலேயிருந்து எடுக்கவில்லை. "உங்களுக்குத் தெரியாதுண்ணா" என்றாள். "நீங்க சும்மா நில்லுங்க. நான் பாத்துக்கிறேன்."